2520: ராமானுஜன் தலையில் கட்டிய எண்

2520 என்ற எண்ணைப் பற்றிய அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வந்திருக்கும். எனக்கு இந்த மார்கழியில் மட்டும் நாலு தடவை வந்துவிட்டது. பார்க்கச் சாதாரண எண்ணாகத் தெரியுமாம். ஆனால் 1 முதல் 10 வரை எதனால் வகுத்தாலும் மீதி வராதாம். ஒற்றைப்படை, இரட்டைப்படை இரண்டாலும் வகுபடும் இப்படி ஓர் எண்ணைப் பார்த்து உலகத்துக் கணித அறிஞர்கள் எல்லாம் திகைத்துப் போனார்களாம். கடைசியில் நம் ராமானுஜன்தான் அதன் ரகசியத்தை உடைத்தாராம். ரகசியம் என்ன? வாரத்துக்கு 7 நாள், மாதத்துக்கு 30 நாள், வருஷத்துக்கு 12 மாதம். மூன்றையும் பெருக்கினால் 2520. கீழே கைகூப்பும் படம் இரண்டு, தேசியக் கொடி ஒன்று.

1 முதல் 10 வரை வகுபடும் என்பது மெய். மற்றதெல்லாம் புளுகு. முப்பத்து மூன்று வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் என்ற உரிமையில் இந்த வார்த்தையையே போடுகிறேன்.

1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சிறிய எண் எது என்பது பள்ளிக்கூடக் கணக்கு. மீச்சிறு பொது மடங்கு என்று நாம் படித்தோமே, அதுதான். 8-ஆல் வகுபட வேண்டும். அதிலேயே 2-ம் 4-ம் அடங்கிவிட்டன. 9-ஆல் வகுபட வேண்டும்; அதில் 3 அடங்கிவிட்டது. 5 வேண்டும், 7 வேண்டும். 6-ம் 10-ம் தானாகவே வந்துவிடும். ஆக 8×9×5×7. பெருக்கிப் பாருங்கள், 2520. ஒரு சாக்பீஸ் துண்டு தேய்வதற்குள் முடிந்துவிடும். எந்தப் பத்து எண்ணைக் கொடுத்தாலும் அவை எல்லாவற்றாலும் வகுபடும் ஓர் எண் இருந்தே தீரும். ஒன்றும் தோன்றாவிட்டால் பத்தையும் பெருக்கிவிட்டால் போயிற்று.

ஒற்றைப்படை, இரட்டைப்படை இரண்டாலும் வகுபடுவது அதிசயம் என்றால் 6-ம் அதிசயம்தான். 2-ஆலும் வகுபடும், 3-ஆலும் வகுபடும். தென்காசிச் சந்தையில் அரை டஜன் வாழைப்பழம் வாங்கும்போது யாரும் திகைத்து நின்று நான் பார்த்ததில்லை. அந்த மாதிரி எண் 2520 ஒன்றுதான் என்பதும் கிடையாது. 5040, 7560, 10080 என்று 2520-க்கு ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். ஒரு லட்சத்துக்குள் மட்டும் 39 இருக்கின்றன.

இனி அந்த ரகசியம். நம் பஞ்சாங்கத்தில் ஆனிக்கு 32 நாள் வரும், மார்கழிக்கு 29 நாள்தான். ஆங்கில மாதத்திலும் எல்லா மாதத்துக்கும் 30 நாள் இல்லை. செய்தி எழுதியவர் 30-ஐயும் 12-ஐயும் எடுத்துக்கொண்டது பெருக்கினால் 360 வரும் என்பதற்காக. 360-க்குள் 8, 9, 5 மூன்றும் இருக்கின்றன. குறைவது 7 ஒன்று, அதை வாரத்திலிருந்து இரவல் வாங்கிக்கொண்டார். வருஷத்துக்கு உண்மையாகவே உள்ள 365 நாளை வைத்து 7-ஆல் பெருக்கினால் 2555 வருகிறது. அது 2-ஆலும் வகுபடாது, 3-ஆலும் வகுபடாது. காலத்தின் ரகசியம் அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்றால் லீப் வருஷத்தில் அது எங்கே போய் ஒளிந்துகொள்ளும்?

உலக அறிஞர்கள் திகைத்த கதையும் அப்படித்தான். 2300 வருஷங்களுக்கு முன்பு கிரேக்கத்தில் பிளேட்டோ தம் 'சட்டங்கள்' நூலில், தான் கற்பனை செய்த நகரத்தில் 5040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார். ஏன் 5040? 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும், நிலத்தைப் பங்கு போடவும் வரி பிரிக்கவும் வசதி என்பதுதான் அவர் சொன்ன காரணம். அந்த எண்ணுக்கு அதை விடுத்து 59 வகுத்திகள் என்றும் கணக்குச் சொன்னார். 5040 என்பது 2520-ன் இரட்டிப்பு. யூக்ளிட் மீச்சிறு பொது மடங்கைக் கண்டுபிடிக்கும் முறையையே தம் ஏழாவது புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். இதற்குப் பிறகும் ஈரோடும் கும்பகோணமும் கண்ட ஒரு பையன் வந்துதான் உலகத்துக்கு வகுத்தல் சொல்லிக் கொடுத்தான் என்றால், கேட்கிறவன் நம்மைப் பார்த்துச் சிரிக்க மாட்டானா?

"போகட்டும் சார்வாள், ராமானுஜன் பேரைச் சொன்னா பிள்ளைகளுக்கு ஒரு ஆர்வம் வரும்லா? இதுல என்ன குத்தம் கண்டீய?" என்று என்னோடு காலையில் நடக்கும் அண்ணாச்சி ஒருவர் கேட்டார். நல்ல மனுஷர். செய்தியை எனக்கு அனுப்பிய நால்வரில் அவரும் ஒருவர்.

என்ன குற்றம் என்று சொல்கிறேன். டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த நாள், தேசியக் கணித நாள். பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் விழா என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சிறப்புப் பேச்சாளர் இந்தச் செய்தியை எழுத்துப் பிசகாமல் ஒலிபெருக்கியில் படித்தார். பிள்ளைகள் எல்லாம் கை தட்டினார்கள். தட்டல் ஓய்ந்த பிறகு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், 11-ஐயும் சேர்த்துக்கிட்டா எந்த எண் வரும்?" என்று கேட்டாள். அன்றைய விழாவில் நடந்த ஒரே கணிதம் அதுதான். பேச்சாளர் சிரித்துக்கொண்டே, அதற்கெல்லாம் இன்னொரு ராமானுஜன் பிறந்துதான் வர வேண்டும் என்றார். மறுபடியும் கை தட்டல். அந்தப் பிள்ளை உட்கார்ந்துவிட்டாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவளைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தேன். 2520-ஐ 11-ஆல் பெருக்கினாள், 27720. "12-க்கு?" என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "12-க்கு ஒண்ணும் செய்ய வேண்டாம் சார், ஏற்கெனவே உள்ளே இருக்கு" என்றாள். 13 வந்ததும் 360360. 14, 15 இரண்டுக்கும் அசையவில்லை. 16 வந்ததும் ஒரு 2 கூடுதலாகத் தேவைப்பட்டு 720720 ஆனது. 17-ல் 12252240. 18-க்கு அப்படியே நின்றது. 19-ல் 232792560, அதாவது 23 கோடியே 27 லட்சத்து 92 ஆயிரத்து 560. 20-க்கும் அதுவே போதும். பகா எண் வரும்போதும், 16 போல ஒரே பகா எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்கிய எண் வரும்போதும் மட்டும்தான் இந்த வரிசை குதிக்கிறது, மற்ற நேரம் தூங்குகிறது என்பதை அவளே சொல்லிவிட்டாள். இருபது நிமிஷம் ஆகியிருக்கும். ரசம் ஆறிப்போனது.

அண்ணாச்சி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அந்தச் செய்தி ஆர்வத்தைத் தூண்டவில்லை. தானாக வந்த ஆர்வத்தை அது மேடையிலேயே உட்கார வைத்துவிட்டது. கணிதம் என்பது எங்கோ ஒரு மகான் ரகசியத்தை உடைப்பது, நமக்கு அதில் வேலை கை தட்டுவது மட்டும் என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டால் அதற்குப் பிறகு எத்தனை டியூஷன் வைத்தும் பிரயோஜனம் இல்லை. பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டினால் தொழில் விருத்தியாகும் என்று ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறவர்களிடம் நாளைக்கு வரிசையில் நிற்கப்போவதும் அப்படி நம்பிய பிள்ளைதான்.

எங்கள் மேலகரத்துக்கு ஒரு பெருமை உண்டு, உங்களுக்குத் தெரியாதது இல்லை. குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் இது. நூல் கையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படித்துக்கொள்ளலாம். யாரோ எழுதிய சினிமாப் பாட்டைக் கவிராயர் தலையில் கட்டி, இதுவும் அவர் பாடியது என்று ஊரெல்லாம் அனுப்பினால் நாம் சும்மா இருப்போமா? ராமானுஜனுக்கு மட்டும் ஏன் அதைச் செய்கிறோம்? அவர் செய்த வேலையும் கையில் இருக்கிறதே!

வேடிக்கை என்னவென்றால், ராமானுஜன் எழுதிய ஒரு கட்டுரையில் 2520 உண்மையாகவே வருகிறது. 1915-ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்த நீண்ட கட்டுரை அது. கேம்பிரிட்ஜில் 1916-ல் அவருக்கு ஆராய்ச்சியின் பேரில் பி.ஏ. பட்டம் கிடைத்தது அந்த வேலைக்காகத்தான். சங்கத்துக்குப் பண நெருக்கடி என்பதால் முழுவதும் அச்சாகவில்லை. எஞ்சிய பகுதி எத்தனையோ வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தது. அதில் அவர் எடுத்துக்கொண்ட விஷயம், தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்கள். 12-க்கு 6 வகுத்திகள்; அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. அந்தக் காலத்தில் ஓர் அணாவுக்கு 12 பை வைத்தவர்கள் விவரம் தெரிந்துதான் வைத்தார்கள். 24-க்கு 8, 60-க்கு 12. மணிக்கு 60 நிமிஷம், நாளுக்கு 24 மணி என்று பிரித்தவர்களும் அதே ஜாதி. அந்த வரிசையில் 2520-ம் நிற்கிறது, 48 வகுத்திகளோடு.

48 எப்படி என்பதையும் பார்த்துவிடலாம். 2520-ஐ உடைத்தால் 2 மூன்று தடவை, 3 இரண்டு தடவை, 5 ஒரு தடவை, 7 ஒரு தடவை. ஒரு வகுத்தியை அமைக்கும்போது 2-ஐ எடுக்காமல் விடலாம், அல்லது ஒன்று, இரண்டு, மூன்று எடுக்கலாம், நாலு வழி. 3-க்கு மூன்று வழி. 5-க்கும் 7-க்கும் இரண்டிரண்டு. 4×3×2×2, மொத்தம் 48.

இத்தோடு நிறுத்தியிருந்தால் அவர் ராமானுஜன் ஆகியிருக்க மாட்டார். இப்படிப்பட்ட எண்ணின் உடம்பு எப்படி இருந்தாக வேண்டும் என்று கேட்டார். பகா எண்கள் 2, 3, 5, 7 என்று இடையில் ஒன்றும் விடாமல் வர வேண்டும். சிறிய பகா எண் அதிகத் தடவையும் பெரியது குறைந்த தடவையும் வர வேண்டும். இதற்குக் காரணம் நமக்கே புரியும். 2 இரண்டு தடவை, 3 மூன்று தடவை வந்தால் 108. அதையே மாற்றிப் போட்டால் 72. இரண்டுக்கும் வகுத்திகள் 12-தான். அதே சரக்கு குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது யாராவது 108 கொடுப்பார்களா? கடைசியாக வரும் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும், அதற்கு விலக்கு 4-ம் 36-ம் மட்டுமே என்பதையும் நிறுவினார். இது சுலபமில்லை, நான் முழுவதும் இங்கே எழுத முடியாது.

அந்தக் கட்டுரையில் ஓர் அட்டவணை உண்டு. அதன் கடைசி எண் 6746328388800. கோடிக் கணக்கில் சொன்னால் 674632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இதற்கு 10080 வகுத்திகள். கணினி கிடையாது, கால்குலேட்டர் கிடையாது. ஒரு மனுஷர் கையால் போட்டது. உடைத்துப் பார்த்தால் 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-ம் 7-ம் இரண்டிரண்டு, அப்புறம் 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. 7×5×3×3 என்பது 315. அதை ஐந்து தடவை இரட்டித்தால் 10080. சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து கப்பலேறியவர், உலகப் போர் நடந்துகொண்டிருந்த இங்கிலாந்தில், கண்ணுக்கெட்டாத தூரத்தில் நிற்கும் எண்ணின் எலும்புக் கூட்டை இப்படித் தாளில் வரைந்து வைத்தார். இந்தப் பெருமையை வைத்துக்கொண்டு, ஆறாம் வகுப்புக் கணக்கை அவர் பேரில் பரப்புவது, யானை கட்டிப் போரடித்தவன் பேரில் கோழிக்குஞ்சை ஊர்வலம் விடுவது போல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த அட்டவணையில் ஓர் எண் விட்டுப்போயிருக்கிறது. 293318625600. இதற்கு வகுத்திகள் எத்தனை தெரியுமா? 5040. பிளேட்டோவின் நகரத்து எண்ணேதான்; இது தற்செயல், ரகசியம் என்று யாரும் அனுப்பிவிட வேண்டாம். பின்னால் வந்தவர்கள் சரிபார்த்தபோது இது அகப்பட்டது. யாரும் ராமானுஜனை இகழவில்லை, யாரும் மறைக்கவும் இல்லை. அவர் சொன்ன விதியை வைத்தே அவர் அட்டவணையில் விட்டுப்போனதைச் சொல்ல முடிகிறது. வாட்ஸ்அப் மகான்களிடம் இந்த வசதி கிடையாது. அங்கே சரிபார்க்கக் கேட்டால் நம்மைத் தேசத் துரோகி என்பார்கள். போன வாரம் ஒருவர் ஏறக்குறைய அப்படியே எழுதினார்.

அந்தத் தேசியக் கொடிக்காரர்களுக்காகத்தான் அடுத்த விஷயத்தைச் சொல்கிறேன். மண்ணின் பெருமை வேண்டும் என்றால் ஈரோடு வரை போக வேண்டாம். குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வல்லம் வரை நடந்தால் போதும். சிவசங்கரநாராயண பிள்ளை அங்கே 1901 ஏப்ரல் 5-ல் பிறந்தார். எங்கள் காலைக் கூட்டத்தில் கேட்டேன். "எந்தப் பிள்ளை?" என்றார்கள். அத்தனை பேர் போனிலும் 2520 இருந்தது.

பிறந்து ஒரு வருஷத்தில் தாயார் போய்விட்டார். பள்ளிப் படிப்பு முடியும் முன்பே தகப்பனாரும் போனார். செங்கோட்டையில் பாடம் சொல்லிக்கொடுத்த சாஸ்திரியார் என்ற ஆசிரியர் பண உதவி செய்து படிப்பை நிற்க விடாமல் காப்பாற்றினார். நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம், 1929 முதல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் என்று அவர் பயணம் போனது. 1770-ல் வாரிங் என்ற ஆங்கிலேயர் ஒரு கேள்வியை விட்டுவிட்டுப் போயிருந்தார். எல்லா முழு எண்களையும் வர்க்கங்களின் கூட்டலாக எழுத நாலு வர்க்கம் போதும். கனங்கள் என்றால் ஒன்பது. அதற்கு மேல் போனால்?

ஆறாம் அடுக்கை எடுத்துக்கொள்வோம். ஒரே எண்ணை ஆறு தடவை போட்டுப் பெருக்குவது. 1, 64, 729 என்று போகும். இப்போது 703 என்ற எண்ணைப் பாருங்கள். 729 இதைவிடப் பெரியது, உதவாது. 64-ஐப் பத்து தடவை போட்டால் 640. மீதி 63-க்கு ஒவ்வொரு ரூபாயாகத்தான் எண்ணி வைக்க வேண்டும். பத்தும் அறுபத்து மூன்றும் 73. இதைவிடக் குறைவில் 703 அடங்காது. இது வரைக்கும் நாமே செய்துவிட்டோம். ஆனால் எத்தனை பெரிய எண்ணாக இருந்தாலும், மேலே சொன்ன 674632 கோடியாக இருந்தாலும், 73-க்கு மேல் ஒருபோதும் தேவைப்படாது என்பதை 1940-ல் பிள்ளை நிறுவினார். முடிவே இல்லாத எண்கள் அத்தனைக்கும் சேர்த்து ஒரு வாக்குறுதி. நாலாம் அடுக்குக்கு 19 போதும் என்று நம் ஆர். பாலசுப்பிரமணியனும் இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து நிறுவ 1986 ஆகிவிட்டது என்றால் இந்த வேலையின் கனம் தெரியும்.

703-க்கு வாட்ஸ்அப் அழகும் ஒன்று உண்டு. அதன் வர்க்கம் 494209. நடுவில் வெட்டி 494-ஐயும் 209-ஐயும் கூட்டினால் மறுபடி 703. நாசிக் பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேக்கர் இந்த மாதிரி எண்களை ஆராய்ந்தார். ரசிக்கலாம், தப்பில்லை. ஆனால் அது நாம் பத்துப் பத்தாக எண்ணுவதால் வந்த அழகு. வேறு மாதிரி எண்ணினால் கலைந்துவிடும். 73 கலையாது. இரண்டுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் எண்ணைக் காட்டி வாயைப் பிளக்க வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

1950 ஆகஸ்டில் பிள்ளை அமெரிக்காவுக்குக் கிளம்பினார். ஹார்வர்டில் உலகக் கணித மாநாடு, பிறகு பிரின்ஸ்டனில் ஒரு வருஷம் ஆராய்ச்சி. ஆகஸ்ட் 31-ல் அவர் ஏறிய விமானம் கெய்ரோ அருகே விழுந்தது. இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அவருக்கு வயது 49.

அடுத்த டிசம்பர் 22-ல் மேடையேறப் போகிறவர்கள் 2520-ஐ விட்டுவிட்டுப் பிள்ளையின் இந்தக் கணக்கைக் கொண்டுபோகட்டும். அடுத்தடுத்து வரும் எண்கள் 16 வரை எத்தனை எடுத்தாலும், அவற்றில் ஒன்றாவது மற்ற எதனோடும் 1-ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லாமல் தனியாக நிற்கும் என்று அவர் நிறுவினார். 17 எடுத்தால் அந்த விதி உடைந்துவிடும். 2184 முதல் 2200 வரை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பதினேழு எண்கள். ஒவ்வொன்றுக்கும் அந்த வரிசைக்குள்ளேயே ஒரு கூட்டாளி உண்டு. இரட்டைப்படை ஒன்பதுக்கும் 2 இருக்கிறது, கவலை இல்லை. 2187 முழுக்க முழுக்க 3-ஆல் ஆனது, 2184-ஐப் பிடித்துக்கொள்ளும். 2197 என்பது 13-ன் கனம், அதுவும் 2184-இடமே போகும். மற்ற ஒற்றைப்படை எண்களையும் பிள்ளைகளே தேடட்டும். 2189-க்குத்தான் கொஞ்ச நேரம் பிடிக்கும். யாரும் விடையைச் சொல்லிவிடாதீர்கள்.